நோர்வேயின் கள்ளன் யெஸ்ட் போர்ட்சென்: துணையெழுத்தில் ‘அவனா’, ‘அவரா’?

கேள்வி: வாசிகசாலைக்காரன்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒவ்வொரு பூரணை விடுமுறையன்றும் மாலையில் ஒரு பழைய வெளிநாட்டுப் படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் தேநீருடன் இருந்து அதைப் பற்றிக் கதைக்கும் வழக்கம் உண்டு. வருகிறவர்கள் முப்பது பேருக்கு மேல் இல்லை. ஆனால் அவர்களுள் பாதிப்பேருக்கு நோர்வேயில் ஒரு மகனோ மருமகளோ இருப்பதால், அந்த நாட்டுப் படம் ஒன்றும் போடமாட்டீர்களா என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒஸ்லோவில் இருக்கும் என் அக்கா சென்ற விடுமுறையில் வந்தபோது, 1939ஆம் ஆண்டு வெளியான ‘யெஸ்ட் போர்ட்சென்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் இறுவட்டைக் கொண்டுவந்து தந்தார். அங்கே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் தொலைபேசியில் வசனம் வசனமாகப் பொருள் சொல்ல, நான் இங்கே திரையின் அடியில் வரும் துணையெழுத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படத்தின் நாயகன் கற்பனைப் பாத்திரம் அல்லன்; 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்வேயில் உண்மையாகவே வாழ்ந்த ஒரு கள்ளன். எந்தச் சிறையிலும் அடங்காதவனாகவும், வறியவர்களுக்கு வேண்டியவனாகவும், நல்ல குடும்பத்துப் பெண்ணொருத்தியின் மனத்தைக் கவர்ந்தவனாகவும் படம் அவனைக் காட்டுகிறது. இதை வரலாற்றுப் படம் என்று அறிமுகத் துண்டில் அச்சிடலாமா என்பது என் முதல் ஐயம். ‘மலைக்கள்ளன்’ பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதில் எவ்வளவு உண்மை என்று கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்தது சொற்களைப் பற்றியது. சிறையில் இருப்பவர்களைப் படத்தில் ‘அடிமை’ என்று பொருள்படும் ஒரு சொல்லால் அழைக்கிறார்கள் என்று மருமகள் சொல்கிறாள். நானும் அப்படியே எழுதினேன். வாசித்துப் பார்த்த நண்பர், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களா இவர்கள் என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் எங்கள் மொழியில் இருக்கிறது. நோர்வேஜிய மொழியில் அரசனுக்கும் கள்ளனுக்கும் படர்க்கையில் ஒரே சொல்தான் என்கிறாள் மருமகள். நான் ‘அவன்’ என்று எழுதினால் நாளேட்டில் வரும் குற்றச் செய்தி போல இருக்கிறது. ‘அவர்’ என்று எழுதினால் படம் தொடங்கும்போதே அந்த மனிதருக்கு மாலை போட்டுவிட்டது போல இருக்கிறது. முதல் காட்சிக்கு ஒன்றும் கடைசிக் காட்சிக்கு வேறொன்றுமாக எழுதிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக வந்தது. விடயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: பேர்கன்வாசி

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கிறேன். அந்த மனிதன் இறந்ததும் இந்த நகரத்தில்தான் என்பதால், கொஞ்சம் விரிவாக எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

யெஸ்ட் போர்ட்சென் 1791இல் மேற்கு நோர்வேயின் சொங்டால் என்ற கரையோரச் சிற்றூரில் பிறந்தவன். கடல் ஒரு நீண்ட விரல் போல 200 கிலோமீற்றருக்கு மேல் மலைகளுக்குள் நுழைந்து கிடக்கும் நீரேரியின் கிளையொன்றில் இருக்கிறது அந்த ஊர். உழக்கூடிய நிலம் அங்கே கொஞ்சம், மீதியெல்லாம் பாறை. அவன் வளர்ந்து ஆளான காலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால்தான் கதை விளங்கும். அப்போது நோர்வே தனி நாடாக இருக்கவில்லை. டென்மார்க் அரசனின் கீழ் இருந்தது. 1807இல் பிரித்தானியக் கடற்படை கொப்பன்கேகனைத் தாக்கியதோடு டென்மார்க் நெப்போலியனின் பக்கம் சாய, பிரித்தானியக் கப்பல்கள் கடலை மறித்து நின்றன. டென்மார்க்கிலிருந்து தானியம் வராவிட்டால் நோர்வேயில் பானை ஏறாது என்ற நிலையில், அந்த வழி பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். எங்கள் ஊர்ப் போர்க்காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தும் சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டும் காலந்தள்ளிய எங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 1814இல் டென்மார்க் நோர்வேயை சுவீடனிடம் விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு மே 17இல் நோர்வேஜியர்கள் தமக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டார்கள். எனினும் 1905 வரை சுவீடனின் அரசனே அவர்களுக்கும் அரசன். இருபத்து மூன்று வயதுக்குள் ஊரை விட்டு அசையாமலே அரசனை மாற்றிக்கொண்ட தலைமுறை அது. பசியும் மேலிடத்தின் மீது அவநம்பிக்கையும் கூடிய அத்தகைய காலத்தில் பொலிசாருக்குத் தண்ணி காட்டுகிற ஒருவனைப் பற்றி ஊர் சிரித்துக் கதைத்ததில் வியப்பில்லை.

அவன் களவெடுத்தான், பிடிபட்டான், தப்பினான், மீண்டும் பிடிபட்டான். ஐம்பது முறைக்கு மேல் சிறை உடைத்தான் என்று கதை சொல்வார்கள். கதைகளில் எண்ணிக்கை வளரும் என்பது தெரிந்ததுதானே. பல முறை தப்பினான் என்று மட்டும் நீங்கள் எழுதுங்கள். 1827இல் வாழ்நாள் தண்டனையோடு தலைநகரின் ஆக்கர்ஷூஸ் கோட்டைக்குள் அடைக்கப்பட்டான். இன்றைய ஒஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர். அக்காலச் சட்டம் திரும்பத் திரும்பக் களவெடுத்தவனை ஆயுள் முழுவதும் அடைத்து வைக்க இடங்கொடுத்தது. 1845இல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, 1849இல் பேர்கனில் இறந்தான்.

இனித்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை. கோட்டைக்குள் இருந்தபோது அவன் தன் வரலாற்றைத் தானே எழுதினான். 1835இல் அது அச்சில் வந்தது. விடுதலையான பின் தன் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊரூராகப் போய் விற்றான். பாட்டுகளும் கட்டினான். ஆகவே, அவனைப் பற்றிய கதையை முதலில் கட்டியது படக்காரரும் அல்லர், ஊர்க்கிழவிகளும் அல்லர், அவனேதான். கெட்டிக்காரன், நெஞ்சில் ஈரமுள்ளவன், அதிகாரிகளை முட்டாளாக்கியவன் என்ற உருவம் அவன் கையால் வரையப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த படம் அதற்குச் சட்டம் போட்டு மாட்டியது. வரலாற்றுப் படம் என்று போடலாம், தம்பி. ஆனால் வரலாற்றை எழுதியவர் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் என்பதை அருகில் ஒரு வரியில் குறிப்பிட்டு விடுங்கள்.

‘அடிமை’ பற்றி: கோட்டைக் கைதிகளை அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். விலங்கு பூட்டிய காலோடு கோட்டையிலும் வெளியிலும் கடும் வேலை செய்தவர்கள் அவர்கள். விலைக்கு வாங்கி விற்கப்பட்டவர்கள் அல்லர். எனவே ‘அடிமை’ பிழை. ‘விலங்குக் கைதி’ என்று போட்டுப் பாருங்கள்.

பதில் 2: ஊரெழுவான்

இந்தக் கள்ளனைப் பற்றி நானும் எங்கோ வாசித்திருக்கிறேன். நோர்வேயின் மத்திய வங்கியையே உடைத்துப் பெருந்தொகை எடுத்தவர் இவர்தானே? அந்தக் காட்சி படத்தில் இருக்கிறதா? இருந்தால் அதற்காகவே வந்து பார்ப்பேன். ஏற்கெனவே வண்ணப் படம் ஒன்றையும் இவர் பேரில் பார்த்த ஞாபகம்.

பதில் 3: பேர்கன்வாசி

ஊரெழுவார் இரண்டு கள்ளரை ஒரு சாக்குக்குள் போட்டுவிட்டார். நோர்வேஜியர்களே செய்கிற தவறுதான் என்பதால் குறையாக எடுக்க வேண்டாம்.

வங்கியை உடைத்தவன் ஊலெ ஹொய்லன்ட். 1797இல் பிறந்தவன், தெற்கு நோர்வேக்காரன். 1835ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தியானியாவில் இருந்த நோர்வே வங்கிக்குள் புகுந்து ஏறத்தாழ 64,000 ‘ஸ்பெசிதாலர்’ எடுத்தான். ஸ்பெசிதாலர் என்பது குரோனர் வருவதற்கு முன் அங்கே வழங்கிய வெள்ளிக் காசு. அந்த வங்கி தொடங்கி அப்போது இருபது ஆண்டுகூட ஆகவில்லை. யெஸ்டின் புத்தகம் வெளிவந்ததும் அதே 1835 தான். அந்த ஆண்டு நோர்வேயில் வேறு எதைப் பற்றிக் கதைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஹொய்லன்டும் அதே ஆக்கர்ஷூஸ் கோட்டைக்குத்தான் போனான். 1848இல் அங்கேயே முடிந்தான். ஒருவன் எழுதிப் பிழைத்தான், மற்றவன் எழுதவில்லை, பிழைக்கவுமில்லை. நீங்கள் பார்த்த வண்ணப் படம் க்னூட் அண்டர்சன் இயக்கி 1970இல் வந்த ஹொய்லன்டின் கதையாக இருக்க வேண்டும்.

வாசிகசாலைத் தம்பி கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லி விடுகிறேன், அறிமுகத்துக்கு உதவும். இந்த 1939ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் தாங்கிரேட் இப்சன். பெயரைக் கேட்டதும் நாடகாசிரியர் என்றிக் இப்சன் நினைவுக்கு வந்தால் சரிதான்: அவருடைய மகன்வழிப் பேரன். இவருடைய தாயின் தகப்பனார், நோர்வேயின் தேசிய கீதத்தை எழுதியவரும் 1903இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவருமான பியோர்ன்சன். தகப்பன் சிகூர்ட் இப்சன் ஒரு காலத்தில் ஸ்டொக்ஹோமில் இருந்த நோர்வேப் பிரதமர். எங்கள் பக்கத்தில் இப்படியொரு குடும்பத்துப் பிள்ளை படம் எடுக்கப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதுவும் கள்ளனைப் பற்றி என்றால் சொல்லவே வேண்டாம். நோர்வேயின் முதற் பேசும் படத்தை 1931இல் எடுத்த இருவருள் இவரும் ஒருவர். எங்கள் ‘காளிதாஸ்’ வந்ததும் அதே ஆண்டு என்பதைப் பெரியவர்கள் சொன்னால் மகிழ்வார்கள்.

யெஸ்ட் ஆக நடித்தவர் அல்பிரட் மவுர்ஸ்தாட். அவரும் அந்த மேற்குக் கரையில் பிறந்தவர். நடிப்போடு பாட்டும் கைவந்தவர். 1937இல் இதே இயக்குநரும் இதே நடிகரும் கரையோரமாகப் படகில் அலைந்து திரியும் நாடோடி ஒருவனைப் பற்றியும் ஒரு படம் செய்தார்கள். ஆக, வீடுவாசல் அற்றவன், சட்டத்துக்கு வெளியே நிற்பவன் என்பது இந்த இருவரும் தெரிந்தெடுத்த பாதை. கள்ளன் கோட்டைக்குப் போனபோது வயது 36. மவுர்ஸ்தாட்டுக்கு நாற்பது கடந்துவிட்டது. திரையில் அது தெரியாது.

பதில் 4: ஓய்வுநிலை ஆசிரியர்

பேர்கன்வாசி தந்த தகவல்களுக்கு நன்றி. ஆனால் அவர் போகிற போக்கில் சொன்ன ஒன்றிலேயே முழு விடயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கதையை யார் சொல்கிறார் என்பதே அது.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் ஓர் இடத்தில் நிறுத்துவது என் வழக்கமாக இருந்தது. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கள்ளனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூலில் தேர்ந்த புலவன் போலப் பேசத் தொடங்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டும் கள்ளருக்குத் துணை என்கிறான், அவர்கள் கண்முன் நின்றே மறைந்து விடுவார்கள் என்று கதை கதையாக அளக்கிறான். தமிழில் கள்ளனின் திறமை மிக அழகாகப் புகழப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. புகழ்ந்தவனோ அரசியின் சிலம்பைத் தானே எடுத்துக்கொண்டவன்; அந்தப் புகழுரையின் முடிவில் களவெடுக்காத ஒருவன் வெட்டுண்டு விழுந்தான். களவின் நுட்பத்தை யாராவது சுவையாகச் சொன்னால், சொல்பவனுக்கு அதில் என்ன இலாபம் என்று நான் கேட்பதற்கு இளங்கோவடிகளே காரணம்.

யெஸ்ட் போர்ட்சென்னுக்கு என்ன இலாபம் இருந்தது? கோட்டையிலிருந்து விடுதலை பெறுவதற்கும், வெளியே வந்தபின் புத்தகம் விற்றுச் சீவிப்பதற்கும் அந்த நல்ல கள்ளனின் உருவம் பயன்பட்டிருக்கும். இதை நான் அவனைக் குற்றஞ்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை; பசித்தவனுக்கு அதுவும் ஒரு தொழில். ஆனால் களவு கொடுத்தவன் புத்தகம் எழுதி ஊரூராக விற்கவில்லை. கிடுகு வேலியைப் பிரித்து ஒரு மறியாட்டை யாரேனும் அவிழ்த்துக்கொண்டு போனால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவன் வீரன் ஆவானா?

எங்கள் தீவிலும் இது நடந்திருக்கிறது. 1832இல் பிறந்த உத்துவன்கந்தைச் சரதியேல், மாவனல்லைப் பக்கத்தில் கண்டி வீதியால் போகும் வண்டிகளை மறித்து வந்தவர். 1864 மார்ச் 21இல் அவரைச் சுற்றி வளைத்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சபான் என்ற பொலிஸ்காரர் இறந்தார். அவ்வாண்டு மே 7இல் கண்டியில் சரதியேல் தூக்கிலிடப்பட்டார். உள்ளவரிடம் பறித்து இல்லாதவருக்குக் கொடுத்தவர் என்று சிங்கள மக்களிடையே அவருக்கு இன்றும் பெயர் உண்டு. அதே மார்ச் 21தான் இலங்கைப் பொலிசார் தம் பணியில் உயிர் நீத்தவர்களை நினைவுகூரும் நாளும். ஒரே நாளுக்கு இரண்டு கதைகள், சொல்பவர்கள் வேறு.

பார்த்தீர்களா, சரதியேலுக்கு ‘அவர்’ என்றும் போர்ட்சென்னுக்கு ‘அவன்’ என்றும் எழுதியிருக்கிறேன். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. எழுதி முடித்தபின்னரே கவனித்தேன். திருத்தாமல் விடுகிறேன். என் முடிவு: அறிமுகத் துண்டில் ‘அவர்’, ஏனெனில் அங்கே பேசுவது நீங்கள், வரலாற்று மனிதர் எவருக்கும் உரிய மரியாதையை நீங்கள் கொடுக்க வேண்டும். படத்துக்குள் பேசுவது பாத்திரங்கள். அதிகாரி ‘அவன்’ என்பார், வேலைக்காரி பயத்தில் ‘அந்த ஆள்’ என்பாள், காதலி என்ன சொல்வாள் என்பதை உங்கள் மருமகளிடம் கேளுங்கள். நோர்வேஜிய மொழி ஒரே சொல்லில் மூடி வைத்திருப்பதைத் தமிழ் திறந்து காட்டும். அதை ஏன் குறையென்று நினைக்கிறீர்கள்?

பதில் 5: சிந்துநடை

ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஓரிடத்தில் மட்டும் முரண்பட வேண்டியிருக்கிறது. ‘அவன்’ என்றால் இழிவு, ‘அவர்’ என்றால் மரியாதை என்ற கணக்கு பத்திரிகைக்கும் பாடசாலைக்கும் பொருந்தும். கூத்துக் கொட்டகைக்குப் பொருந்தாது.

நான் சிறுவயது முதல் காத்தவராயன் கூத்தில் பின்பாட்டுப் பாடி வருகிறேன். எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் முற்றத்தில், இரவு தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். காத்தான் யார்? முத்துமாரி பெற்ற பிள்ளை. ஆனால் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் தண்டனைக்குரியவன். ஆரியமாலையை அடைவதற்காக வேடம் மாற்றி வேடம் மாற்றிக் காவலை ஏமாற்றுகிறவன். கடைசியில் கழுமரம் ஏறுகிறான். அந்த நேரத்தில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். முன்வரிசையில் பாயில் இருக்கும் பெண்கள் அழுவார்கள். குற்றம் செய்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. அவன் தெய்வம் என்பதும் தெரியும். ஆனாலும் யாரும் ‘காத்தவராயர் வந்தார்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘காத்தான் வாறான்’ என்பார்கள். நல்லூர்த் தேரன்று முருகனையும் ‘அவன் விட்ட வழி’ என்றுதானே சொல்கிறோம்? அந்த ‘அவன்’ மரியாதைக் குறைவில் வந்ததல்ல, உரிமையில் வந்தது.

ஆகவே துணையெழுத்தில் ‘அவன்’ என்றே எழுதுங்கள். குற்றச் செய்தியின் ‘அவன்’ ஆகப் படம் தொடங்கும். பார்த்துக்கொண்டிருக்கும் சனம் அவனோடு சேர்ந்து சிரித்து, அவனுக்காகப் பயந்து, படம் முடியும்போது அதே சொல் காத்தானின் ‘அவன்’ ஆகியிருக்கும். ஓர் எழுத்தையும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்காது. அப்படி மாறவில்லை என்றால் அது இயக்குநரின் தோல்வி; உங்களுடையதல்ல.

‘கள்ளன்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். சிலர் ‘கொள்ளைக்காரன்’ என்று எழுத ஆசைப்படுவார்கள், கேட்கக் கம்பீரமாக இருக்கிறது என்று. கொள்ளைக்காரன் ஆளை அடித்துப் பறிப்பவன். இவன் பூட்டுத் திறந்து, கன்னம் வைத்து, ஆள் உறங்கும்போது போனவன். ‘திருடன்’ எங்களுக்குச் சினிமாவில் இருந்து வந்த சொல். எங்கள் ஊரில் இருட்டில் சத்தம் கேட்டால் ‘கள்ளன், கள்ளன்’ என்றுதான் கத்துவோம்.

பதில் 6: வாசிகசாலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் யோசனையும் சிந்துநடை அண்ணாவின் யோசனையும் ஒன்றையொன்று வெட்டுவதாக முதலில் தோன்றினாலும், எழுதிப் பார்த்தபோது இரண்டுக்கும் இடம் கிடைத்தது. அறிமுகத் துண்டில் ‘அவர்’. படத்தில் மற்றவர்கள் அந்த மனிதனைப் பற்றிப் பேசும்போது ‘அவன்’. காதலியின் வாயில் மட்டும் இரண்டையும் விலக்கி, பெயரைச் சொல்ல வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்துப் பெண் கணவன் பெயரைச் சொல்லமாட்டாள் என்று எங்கள் அம்மா மறுப்புத் தெரிவித்தார். அவள் இன்னும் கட்டவில்லையே அம்மா என்று சொன்னேன்.

‘விலங்குக் கைதி’ நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் துணையெழுத்தில் நீளம் கூடுகிறது. ஒரு வரியில் முப்பது எழுத்துக்கு மேல் போனால் கடைசி வரிசையில் இருக்கும் பெரியவர்கள் வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். முதல் முறை ‘விலங்குக் கைதி’ என்றும் அதன்பின் ‘மறியற்காரன்’ என்றும் போட்டிருக்கிறேன். கோட்டையை விளங்க வைப்பதில் கரைச்சல் இருக்காது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளும் மறியற்சாலை இருந்தது. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் அதற்குப் பயன்பட்டது. அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. இவ்வளவு புகழ்பெற்ற படமாக இருந்தும், நோர்வேக்குள் உலகப் போர் நுழைவதற்கு முன் வந்த படங்களின் பட்டியலோடு இதை ஒதுக்கி விடுகிறார்களே, அங்கே இன்றைய பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்களா? மருமகளுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

பதில் 7: பேர்கன்வாசி

பிள்ளைகள் பார்ப்பதில்லை என்பது உண்மை. வயதானவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது 1939 திசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், திரைக்கு வந்தது. அங்கே பெரிய படங்களை வெளியிடுகிற நாள் அது. எங்கள் தீபாவளி வெளியீடு போல. அந்தக் காலத்தில் நோர்வேயின் படமாளிகைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை அல்ல, நகரசபைகளுடையவை. 1913ஆம் ஆண்டுச் சட்டம் படமாளிகைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைகளிடம் விட, அவை தாமே நடத்தத் தொடங்கி விட்டன. சபையே வாசலில் நின்று ரிக்கற் கிழித்து, சட்டத்தை உடைத்தவனின் படத்தைக் காட்டியது என்பதை நினைக்க எனக்கு இன்றும் சிரிப்பு வரும். மூன்றரை மாதம் போனது. 1940 ஏப்பிரல் 9இல் ஜேர்மன் படைகள் வந்திறங்கின. படத்தில் நீங்கள் பார்க்கிற அதே ஆக்கர்ஷூஸ் கோட்டை அதன்பின் ஜேர்மனியரின் சிறையாயிற்று. எதிர்த்து நின்ற நோர்வேஜியர்களை அங்கே சுட்டார்கள். போர் முடிந்தபின் 1945 ஒக்டோபரில் நாட்டைக் காட்டிக்கொடுத்த குவிஸ்லிங்கைச் சுட்டதும் அங்கேதான். அந்த ஐந்து ஆண்டுகளையும் கண்டவர்கள், கோட்டையிலிருந்து ஒருவன் தப்புகிற படத்தைத் திரும்ப நினைக்கும்போது வெறும் கள்ளனை மட்டும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். எழுத்தில் ஆதாரம் கேட்காதீர்கள்.

படத்தில் மவுர்ஸ்தாட் பாடுகிற மலைப்பாட்டு ஒன்று வரும். படம் மறந்தவர்களுக்கும் அந்தப் பாட்டு மறக்கவில்லை. நான் முன்பு வேலை செய்த முதியோர் இல்லத்தில், பெயரே நினைவில் இல்லாத ஒரு முதியவர் அதை முழுவதும் பாடுவார். அதற்கு மட்டும் துணையெழுத்துப் போடாமல் விடுங்கள், தம்பி. சொற்களை வாசிக்கிற அவசரத்தில் குரலைத் தவற விட்டுவிடுவார்கள்.

பதில் 8: சிந்துநடை

பாட்டின் பொருளை மருமகளிடம் கேட்டு எனக்கு அனுப்பி விடுங்கள். படம் தொடங்குவதற்கு முன் ஒரு சிந்தாகக் கட்டிப் பாடி விடுகிறேன். பாட்டு வரும்போது சனம் பொருளைத் தெரிந்துகொண்டு கேட்கும். உடுக்கை நான் கொண்டுவருகிறேன். ஆர்மோனியம் நிலையத்தில் இருக்கிறதா, அல்லது அதையும் ஏற்ற வேண்டுமா என்பதை மட்டும் அறியத் தாருங்கள்.